சேர்த்துத்தான் சொன்னோம்!

1919, பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள். ஜெர்மனியின் வைமர் நகரிலே தேசியப் பேரவை கூடியிருக்கிறது. மன்னன் நாட்டைவிட்டு ஓடி மூன்று திங்கள்தான் ஆகிறது. போரிலே தோற்று, பசியிலே வாடி, புரட்சியிலே புதுமுகம் பெற்ற நாடு, தனக்கோர் அரசியல் சட்டம் வகுத்துக்கொள்ளச் சார்பாளர்களை அனுப்பிவைத்திருக்கிறது. அந்நாட்டு வரலாற்றிலே முதன்முறையாகப் பெண்களும் வாக்களித்த தேர்தல். பெண்களும் வெற்றி பெற்ற தேர்தல். அப்படி வென்று வந்தவர்களுள் ஒருவர், மாரி யூகாட்ஸ், பேச எழுகிறார். தச்சர் ஒருவரின் மகள். வீட்டு வேலை செய்தவர், ஆலையிலே உழைத்தவர், தையல் தைத்துப் பிழைத்தவர். ஜெர்மன் நாடாளுமன்றத்தில் உரையாற்றிய முதற்பெண் அவர்தான். "கனவான்களே, சீமாட்டிகளே!" என்று தொடங்குகிறார்.

அவைக்குறிப்பு எழுதுவோர் கடமை தவறாதவர்கள். அந்த விளியை அடுத்து, அடைப்புக்குறிக்குள், "சிரிப்பு" என்று குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஏன் சிரித்தார்கள்? நகைச்சுவை ஏதும் சொல்லவில்லையே அம்மையார்! நாடாளும் உரிமையில் பங்கு தந்தாயிற்று. அவையிலே இருக்கையும் தந்தாயிற்று. அதையெல்லாம் தாங்கிக்கொண்ட செவிகள், 'கனவான்களே' என்ற பழகிய சொல்லுக்குப் பக்கத்திலே இன்னொரு சொல் வந்து நின்றதைத் தாங்கவில்லை. யூகாட்ஸ் அசரவில்லை. பெண்கள் இந்த அரசுக்கு நன்றி கூறக் கடமைப்பட்டவர்கள் அல்லர். உரியதை இத்தனை காலம் மறுத்து வைத்திருந்து இப்போது தந்திருக்கிறார்கள், அவ்வளவே என்று அதே உரையிலே எடுத்துரைத்தார்.

நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்கிற்றா? இல்லை. ஜெர்மன் பேசும் நாடுகளிலே இன்று ஏட்டிலும் வீட்டிலும், ஆட்சிமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நடந்துவரும் சொற்போர் ஒன்று உண்டு. ஆணும் பெண்ணும் கலந்திருக்கும் கூட்டத்தை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதே அந்தப் போர். அற்பச் சண்டை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆயினும், பகுத்தறிவாளர் கவனிக்கவேண்டிய கேள்வியொன்று அதன் அடியிலே கிடக்கிறது. "உங்களையும் சேர்த்துத்தான் சொன்னோம்" என்று ஒருவர் கூறினால், அந்தக் கூற்று மெய்யா பொய்யா என்று சோதிப்பது எப்படி?

முதலிலே அம்மொழியின் அமைப்பைச் சற்றுப் பார்த்துவிடுவோம். ஜெர்மனிலே பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் பால் உண்டு. ஆண்பால், பெண்பால், இரண்டுமல்லாத நடுப்பால் என மூன்று. உண்ணும் மேசையிலேயே மூன்றையும் காணலாம்: கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி நடுப்பால்! உயர்திணைக்கே ஆண்பால் பெண்பால், மற்றவையெல்லாம் அஃறிணை என்று பகுத்துக்கொண்ட மொழியிலே பிறந்த நமக்கு இது வேடிக்கையாயிருக்கிறது. இன்னும் வேடிக்கை, சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்னும் சொல்லே நடுப்பால்தான். இதைக் காட்டி, பாருங்கள் கொடுமையை என்று சிலர் கூவுவதுண்டு. நாம் கூவமாட்டோம். சிறுமைப்பொருள் விகுதி ஒட்டிய எந்தச் சொல்லும், ஆண்பாற் சொல்லே ஆயினும், நடுப்பாலுக்குப் போய்விடும் என்பது அவர்கள் இலக்கணம். நல்ல வழக்குக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை.

கரண்டியும் கத்தியும் கிடக்கட்டும்; மாந்தரைக் குறிக்கும் சொல்லுக்கு வருவோம். 'லேரர்' என்றால் ஆசிரியன். அதனுடன் 'இன்' விகுதி சேர்த்தால் ஆசிரியை. (நம் வேற்றுமை உருபுடன் இதைக் குழப்பிக்கொள்ளவேண்டாம், ஒலி ஒற்றுமை, அவ்வளவுதான்.) மருத்துவன், பாடகன், வாக்காளன், குடிமகன் என மாந்தரின் தொழிலையும் நிலையையும் குறிக்கும் பெரும்பாலான சொற்கள் இப்படித்தான் இணைகளாக நிற்கின்றன. தமிழிலே ஆசிரியன், ஆசிரியை என்ற இரண்டுக்கும் மேலே 'ஆசிரியர்' என்று பொதுவாக ஒன்று நிற்கிறது. ஜெர்மனிலே அப்படி மூன்றாவது வடிவம் கிடையாது. கலந்த கூட்டத்தைக் குறிக்க ஆண்பால் வடிவமே பொதுவடிவமாகவும் வேலை பார்க்கிறது. ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை, இரண்டு வேலையும் ஆணுக்கு!

இந்த ஏற்பாட்டை மொழியியல் அறிஞர்களான பெண்கள் சிலர் 1970-களின் பிற்பகுதியிலே கேள்விக்குள்ளாக்கினர். ஸென்டா ட்ரோமல்-ப்லோட்ஸ் 1978-இல் தொடங்கிவைத்தார். லூயீஸ புஷ் 1984-இல், ஜெர்மன் ஆண்களின் மொழியாய் இருப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். புஷ் அம்மையார் காட்டிய கணக்கு எளியது. 99 பாடகியர் மேடையிலே நிற்கிறார்கள், அவர்கள் பாடகியர். ஒரே ஒரு பாடகன் வந்து சேர்ந்தான். நூறு பேரும் அந்தக் கணமே பாடகர்கள் ஆகிவிட்டார்கள், ஆண்பாலிலே! தொண்ணூற்றொன்பதை ஒன்று விழுங்கிவிட்டது. இப்படி ஒரு கூட்டல் கணக்கை எந்தப் பள்ளியிலாவது ஒப்புக்கொள்வார்களா?

மறுதரப்பின் விடையையும் நேர்மையோடு கேட்கவேண்டும். இலக்கணப்பால் வேறு, இயற்கைப்பால் வேறு என்கிறார்கள் அவர்கள். 'மனிதன்' என்னும் அவர்கள் சொல் ஆண்பால். பெண்ணையும் அது குறிக்கிறது. 'ஆள்' என்னும் பொருள்தரும் 'பெர்ஸோன்' பெண்பால். எந்த ஆணும் அதனால் நாணியதில்லை. 'குழந்தை' நடுப்பால். பிணையாளாகப் பிடித்துச் செல்லப்படுபவன் மீசை முறுக்கிய வீரனாயினும், அந்தச் சொல் அவனைப் பெண்பாலில்தான் குறிக்கும். ஆகவே பாலைக் கண்டு பதறாதீர். உங்களையும் சேர்த்துத்தான் சொன்னோம் என்பது அவர்கள் வாதம்.

வலிமையுள்ள வாதந்தான். ஆனால் அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளை மீண்டும் உற்றுப் பாருங்கள். 'மனித'னுக்கு வழக்கில் இணைச்சொல் இல்லை; 'பெர்ஸோ'னுக்கு இணை இல்லை; குழந்தைக்கும் பிணையாளுக்கும் இணை இல்லை. தனித்து நிற்கும் சொல் எல்லாரையும் குறிப்பதிலே ஒருவருக்கும் வருத்தமில்லை. இணை இருக்கும் இடத்திலே, இருவரில் ஒருவன் பெயரால் இருவரையும் அழைப்பதுதான் வழக்கு. அதற்கு இந்த எடுத்துக்காட்டுகள் விடையாகா.

விடை காண நாமறிந்த எளிய சோதனை ஒன்று உண்டு: திருப்பிப் போட்டுப் பார்ப்பது. "ஆண்பால் சொன்னால் பெண்ணும் அடக்கம், இதில் உயர்வு தாழ்வு இல்லை" என்பது மெய்யானால், "பெண்பால் சொன்னால் ஆணும் அடக்கம்" என்பதும் அதே எளிமையுடன் ஏற்கப்படவேண்டும் அல்லவா? சோதனை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இருமுறை நடந்தே இருக்கிறது.

2013-இல் லைப்சிக் பல்கலைக்கழகம் தன் அடிப்படை விதிகளைத் திருத்தியபோது, பேராசிரியர்கள் அனைவரையும் பெண்பால் வடிவத்தாலேயே குறித்தது; ஆண்களும் இதிலே அடக்கம் என்று அடிக்குறிப்பும் இட்டது. அடடா, எழுந்த அமளி! ஆண் பேராசிரியரை இனி நேரிலும் பேராசிரியை என்றுதான் விளிக்கவேண்டுமாம் என்று ஏடுகள் இல்லாததை எழுதின, எள்ளி நகையாடின. எத்தனையோ விதிநூல்களிலே இதே அடிக்குறிப்பு மறுபக்கமாய், "பெண்களும் இதிலே அடக்கம்" என்று கிடந்ததே, அப்போது அமளி ஏது?

இரண்டாவது சோதனை இன்னும் சுவையானது. 2020-இல் ஜெர்மன் நீதி அமைச்சகம் கடன் நொடிப்புச் சட்ட வரைவொன்றைக் கொண்டுவந்தது. கடன்காரி, கடன் கொடுத்தவள் என்று முழுதும் பெண்பாலிலேயே எழுதப்பட்ட வரைவு அது. உள்துறை அமைச்சகம் தடுத்தது. என்ன காரணம் கூறிற்று? பெண்பால் வடிவம் பொதுவடிவமாக ஏற்கப்பட்டதன்று. இச்சட்டம் பெண்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று கொள்ள இடமுண்டு! வரைவு ஆண்பாலுக்கு மாற்றப்பட்ட பிறகே அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

தோழர்களே, இந்தக் காரணத்தை நிதானமாக எண்ணிப்பாருங்கள். பெண்பாற் சொல்லைக் கேட்டால் ஆண் தன்னைக் குறித்ததாக உணரமாட்டான், நீதிமன்றமும் உணராமற் போகலாம், ஆகவே ஆபத்து. இதைக் கூறியவர்கள் புஷ் அம்மையாரின் மாணாக்கர் அல்லர். ஆண்பால் வடிவமே போதும் என்ற பக்கத்தார். சொல்லிலே தன் பெயர் இல்லாவிட்டால் சட்டத்திலே தன் இடம் ஐயத்துக்குரியதாகும் என்பதை, அது தங்களுக்கு நேர்ந்த அந்த ஒரு வாரத்திலேயே கண்டுகொண்டார்கள். பெண்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் நிற்கிறார்கள்.

சார்லாந்து மாநிலத்து மூதாட்டி மார்லிஸ் கிரேமர் இதை நீதிமன்றத்துக்கே கொண்டுசென்றார். வங்கிப் படிவங்களிலே தம்மைக் கணக்குடையவன், வாடிக்கையாளன் என்று அச்சிட்டிருப்பதை மாற்றக் கோரினார். மாவட்ட நிலை நீதிமன்றம் மறுத்தது. ஆண்பால் வடிவம் 2000 ஆண்டுகளாக இருபாலாரையும் குறித்து வந்திருக்கிறது என்றும் உரைத்தது. பழமையே சான்றாம்! பழமை என்று சொல்லிப் பாதுகாக்கப்படாத அநீதி உலகில் எது? வழக்கு மேலே சென்றது. 2018 மார்ச் 13-ஆம் நாள் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. பொதுவழக்கின்படி அச்சொல்லிலே இழிவு இல்லை, சட்டங்களும் அரசியல் சட்டமுமே அப்படித்தான் எழுதப்பட்டுள்ளன என்றது. கிரேமர் அப்போது 80 வயதைக் கடந்திருந்தார்.

அரசியல் சட்டத்தைச் சான்றுக்கு அழைத்தார்கள் அல்லவா, அந்தச் சாட்சியை நாமும் சற்று விசாரிப்போம். 1948-49-இல் அதை வகுத்த மன்றத்திலே வாக்குரிமை பெற்றிருந்தோர் 65 பேர், பெண்கள் நால்வர். சட்டத்தின் முன் மாந்தர் அனைவரும் சமம் என்ற தொடர் அதிலே இருந்தது. போதும் என்றார்கள் பலர். போதாது என்றார் நால்வருள் ஒருவரான எலிசபெத் ஸெல்பர்ட். ஆண்களும் பெண்களும் சம உரிமையுடையோர் என்று பெயர் சொல்லி எழுதவேண்டும் என்றார். முதலில் தோற்றார். நாடெங்கும் பெண்கள் கடிதங்களைக் குவித்த பிறகே வென்றார். ஏன் அந்தப் பிடிவாதம்? 1900 முதல் நடப்பிலிருந்த குடிமைச் சட்டத்தின்படி, இல்லற வாழ்வின் எல்லாப் பொருளிலும் முடிவு செய்பவன் கணவன். 'அனைவரும் சமம்' என்ற பொதுச்சொல்லின் நிழலிலேயே அந்த ஆட்சி தொடர்ந்து படுத்திருக்க முடியும். பெயர் சொல்லி எழுதியதனால்தான் 1958-இல் அந்த விதி போயிற்று. அப்போதும், குடும்பக் கடமைக்கு இடையூறில்லாத அளவுக்குத்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதி எஞ்சி நின்று, 1977-இல்தான் ஒழிந்தது. பெயர் சொல்லப்பட்ட பிறகே இத்தனை காலம்! சொல்லப்படாதிருந்தால்?

மொழி எதையும் மறைக்கவில்லை, அது தூய இலக்கணம் என்போர் இன்னும் இரண்டு சொற்களைக் காணவேண்டும். மணமாகாத பெண்ணை 'ஃபிராய்லைன்' என்பார்கள். பெண் என்ற சொல்லுக்குச் சிறுமைப்பொருள் விகுதி ஒட்டியது. ஐம்பது வயது அலுவலரும் மணமாகாதவராயின் 'சிறுபெண்'தான். மணமாகாத ஆணுக்கு அப்படியொரு 'சிறு' கிடையாது. 1972-இல் உள்துறை அமைச்சகம் அரசு வழக்கிலிருந்து அச்சொல்லை நீக்க ஆணையிட்டது. வானம் இடிந்து விழவில்லை, சொல்தான் விழுந்தது. மற்றொன்று, கைம்பெண்ணைக் குறிக்கும் 'விட்வெ'. நம்மிடையே வழங்கும் 'விதவை' என்னும் வடசொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே என்பது மொழிநூலார் முடிவு. பெரும்பாலும் ஆண்சொல் முதலாக, அதிலிருந்து பெண்சொல் பிறக்கும் அந்த மொழியிலே, இங்கு பெண்சொல் முதல். மனைவியை இழந்தவனைக் குறிக்கும் 'விட்வர்' அதிலிருந்து பிறந்தது. மருத்துவத்திலும் மன்றத்திலும் வால் விகுதியாய் ஒட்டிக்கொண்டவள், துயரத்திலே தலைமை பெற்றாள்!

இதெல்லாம் உணர்ச்சி, உண்மை என்ன என்று கேட்பது முறை. அறிஞர்கள் சோதித்திருக்கிறார்கள். 2008-இல் வெளிவந்த ஆய்வொன்றிலே பாஸ்கல் கிகாக்ஸ் முதலானோர் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் வாக்கியங்களைப் படிக்கத் தந்தனர். முதல் வாக்கியத்திலே ஒரு தொழிலார் கூட்டம், பொதுவடிவிலே. அடுத்த வாக்கியத்திலே அக்கூட்டத்துப் பெண்களோ ஆண்களோ வருவர். தொடர்ச்சி பொருந்துகிறதா என்பது கேள்வி. தொழிற்பெயரிலே பால் காட்டாத ஆங்கிலத்திலே, அத்தொழிலைப் பற்றிய வழக்கமான எண்ணத்தின்படி விடை அமைந்தது. ஜெர்மனிலும் பிரெஞ்சிலுமோ, பெண்களுக்குரியதென்று கருதப்படும் தொழிலிலும்கூட, படித்தவர் மனத்திலே ஆண்களே முன்வந்து நின்றனர். 'சேர்த்துத்தான் சொன்னோம்' என்பது சொல்பவன் எண்ணம். கேட்பவன் மனம் அப்படிச் சேர்க்கவில்லை.

பெர்லினில் பணிபுரியும் பெட்டினா ஹன்னோவர் என்ற உளவியலாளரும் டிரீஸ் ஃபெர்ஃபெக்கனும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. ஏறத்தாழ 600 பிள்ளைகளுக்குத் தொழில்களின் பெயர்களைச் சொன்னார்கள். சிலருக்கு ஆண்பாலில் மட்டும், சிலருக்கு ஆண்பால் பெண்பால் இரண்டிலும். இரண்டையும் கேட்ட பிள்ளைகள், ஆண்களின் தொழில் என்று பெயரெடுத்த வேலைகளையும் 'நம்மாலும் ஆகும்' என்று கூடுதலாகக் கருதினர். ஆண்பெயர் மட்டும் சூட்டிய தொழில் அவர்கள் கண்ணுக்குக் கடினமானதாய்த் தெரிந்ததாம். ஒரு விகுதி, ஒரு பிள்ளையின் துணிவிலே கைவைக்கிறது. இலக்கணத்தின் அழகுக்காக அந்தத் துணிவை ஈடாக வைக்கலாமா என்பதே கேள்வி.

2005-இல் அங்கேலா மெர்க்கல் ஆட்சித்தலைமை ஏற்றார். அரசியல் சட்டம் அப்பதவியை ஆண்பாலிலேயே குறிக்கிறது. பெண்பால் வடிவம் அவ்வாண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. சில திங்களில் நாவுக்குப் பழகிவிட்டது. 2018-இல் பெண்கள் வாக்குரிமையின் நூற்றாண்டு விழாவிலே அவர் கூறினார்: ஆட்சித்தலைவியாக விரும்புகிறேன் என்னும் சிறுமியைப் பார்த்து இன்று எவரும் சிரிப்பதில்லை, ஓர் ஆணும் அந்தப் பதவிக்கு வரலாமா என்று கேட்கும் பிள்ளைகள்கூட உண்டாம்.

இனி, மாற்று என்ன என்பதிலே வருகிறது குழப்பம். சொல்லின் நடுவே ஓர் எழுத்தைப் பெரிதாக்கி இருபாலையும் காட்ட முயன்றார்கள் 1980-களிலே. பிறகு அடிக்கோடு வந்தது; அடுத்து உடுக்குறி; அடுத்து முக்காற்புள்ளி. பேசும்போது அந்த இடத்திலே நாவைச் சற்றே நிறுத்தித் தொடர்கிறார்கள். ஹனோஃபர் நகராட்சி 2019-இல் உடுக்குறியை ஏற்றது. நமக்கு இது அழகாகத் தோன்றவில்லை என்பதை ஒளிப்பானேன்? பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் கருவிகள் இக்குறிகளில் இடறுகின்றன என்ற அவர்கள் சங்கத்தின் குறையும் பொருட்படுத்தத் தக்கது. ஒருவரைச் சேர்க்க மற்றொருவரைத் தள்ளலாகாது. ஜெர்மன் எழுத்துமுறை மன்றமும் 2021-இலும் 2023-இலும் இவற்றை எழுத்துமுறையின் உட்கூறாக ஏற்க மறுத்தது.

ஆனால் குறியின்றியும் வழி உண்டு. 2013-இல் சாலைவிதிகளைப் புதுக்கியபோது, 'நடப்பவன்', 'மிதிவண்டி ஓட்டுபவன்' என்று ஆண்பாலில் இருந்த சொற்களுக்குப் பல இடங்களிலே 'நடந்து செல்வோர்', 'மிதிவண்டி ஓட்டுவோர்' என்னும் பொருள்தரும் வடிவங்களை இட்டார்கள். கல்லூரிகளிலே 'மாணவர்' போய்க் 'கற்போர்' வந்தனர். நம் 'ஓர்' விகுதியைப் போல அவர்கள் மொழியின் கருவூலத்திலேயே கிடந்த வடிவம்! மிதிவண்டி எதுவும் அதனால் கவிழ்ந்ததாகச் செய்தி இல்லை. 'டூடன்' அகராதியும் 2021 முதல் தன் வலைப்பதிப்பிலே ஏறத்தாழ 12,000 ஆட்பெயர்களையும் தொழிற்பெயர்களையும் திருத்தி, பெண்பாலுக்குத் தனிப்பதிவு தந்தது.

இதற்கு எதிராகவும் ஒரு குரல் பெண்களிடையிலிருந்தே எழுகிறது. அதைக் கேளாமற் போவது முறையன்று. பழைய கிழக்கு ஜெர்மனியிலே வேலை செய்யும் வயதுப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் வேலையில் இருந்தனர். நான் பொறியாளன் என்று ஆண்பால் வடிவிலேயே தம்மைக் கூறிக்கொண்டோர் அவர்களிற் பலர். தொழில்தான் முக்கியம், என் பாலை ஏன் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறாய் என்பது அவர்கள் எண்ணம். ஆங்கிலம் எழுதும் பெண் கவிஞர்களும் நடிகர்களும் பெண்பால் விகுதியைக் கழற்றி எறிந்ததும் அதே எண்ணத்தால்தான். துருக்கி மொழியிலே 'அவன்', 'அவள்' என்ற வேறுபாடே கிடையாது. அதனால் அந்நாட்டுப் பெண்கள் விடுதலை பெற்றுவிட்டார்களா என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மொழி ஒன்றே விலங்கை ஒடித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. 2024-இல்கூட ஜெர்மனியிலே பெண்ணின் சராசரி மணிநேர ஊதியம் ஆணுடையதைவிட 16 விழுக்காடு குறைவு; 2025-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்திலே மூவரில் ஒருவர்கூட முழுமையாகப் பெண் அல்லர். உடுக்குறி ஊதியம் தராது. ஆனால் ஊதியம் கேட்பவளை, முதலில் உன் பெயரைக் கேட்பதை நிறுத்து என்று சொல்லும் உரிமை, அந்த 16 விழுக்காட்டை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

அரசு கட்டாயப்படுத்துவதையும் நாம் விரும்பவில்லை, தடுப்பதையும் விரும்பவில்லை. தடுப்பதுதான் இப்போது நடக்கிறது. பவேரியா மாநிலம் 2024 ஏப்ரல் 1 முதல் பள்ளி, பல்கலைக்கழகம், அரசு அலுவலகம் ஆகியவற்றிலே உடுக்குறி முதலானவற்றைத் தடை செய்திருக்கிறது. ஆண்பாலும் பெண்பாலும் சேர்த்துச் சொல்லலாம், பொதுச்சொல் இருந்தால் அதையும் ஆளலாம், குறி மட்டும் கூடாது என்பது ஆணை.

அந்தக் குறி யாருக்காக வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ஆணென்றும் பெண்ணென்றும் வகுக்க இயலாத உடலமைப்போடு பிறந்தோர் உண்டு. 2017 அக்டோபர் 10-ஆம் நாள் ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018 டிசம்பரிலே சட்டம் வந்தது. பிறப்புப் பதிவேட்டிலே மூன்றாவது இடம் பிறந்தது. வேலை விளம்பரங்களிலே இப்போது மூன்று எழுத்துக்கள் அச்சாகின்றன. பதிவேட்டிலே இடம் பெற்ற அந்தப் பிள்ளை பவேரியாவிலே பள்ளிக்கு வருகிறது. "மாணவர்களே, மாணவிகளே" என்று ஆசிரியர் அழைக்கிறார். உன்னையும் சேர்த்துத்தான் சொன்னோம் என்று அந்தப் பிள்ளையிடம் அவர் கூறலாம். இரண்டில் எந்தச் சொல்லிலே சேர்த்தார் என்று பிள்ளை கேட்டால்?